பாட்டிலிருந்து பிறந்த சரித்திரங்கள்

ஒருவரது ஊர், குடி, கல்வி, ஆக்கம், மறைவு ஆகியவற்றைச் சில பத்திகளுக்குள் அடக்கி, அத்தகைய குறிப்புகள் பலவற்றை ஒரே நூலில் நிரல்படுத்தும் முறையைத் தமிழ்ப் புலவர்களுக்கு விரிவாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர், 1807இல் கற்பிட்டியில் பிறந்து இலங்கை அரசுப் பணியில் விளங்கிய சைமன் காசிச்செட்டி ஆவார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. அதனை அடியொற்றி, ‘உதயதாரகை’ இதழின் ஆசிரியராயிருந்த சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபக’த்தைத் தமிழில் வெளியிட்டார். கிரேக்கர் ஒருவரையும் உரோமர் ஒருவரையும் இணையாக நிறுத்தி ஒப்புநோக்கியவர் புளூட்டாக். காசிச்செட்டி அவர் பெயரை ஏற்றாரேயன்றி அந்த ஒப்புநோக்கை ஏற்கவில்லை.

இவ்வகைச் சரித்திரங்களின் பெருங்குறை அவற்றின் மூலச்சான்றிலேயே உள்ளது. புலவர்களின் காலத்தை உரைக்கும் சாசனங்களோ ஏடுகளோ அரிதாயிருந்தமையால், எந்த நூலிலும் சேராது ஏதோ ஒரு தருணத்தில் பாடப்பட்டதாக வழங்கும் செய்யுளாகிய தனிப்பாடலே பல இடங்களில் சான்றாக நின்றது. வாழ்க்கையில் நிகழ்ந்ததைப் பாட்டு சொல்கிறது என்று தொகுப்பாளர் கொண்டாலும், உண்மையில் பாட்டுக்குப் பொருள் சொல்வதற்காகவே நிகழ்ச்சி பின்னர் புனையப்பட்டிருக்கக்கூடும். கம்பருக்கும் ஒட்டக்கூத்தருக்கும் இடையிலான பூசல், காளமேகத்தின் வசைகள் முதலியவற்றைப் பற்றிய கதைகள் இந்த ஐயத்துக்கு உரியவை. விரிவான வரலாறாயின் இவ்வையத்தை எழுப்பி ஆராய இடமிருக்கும். சுருக்கமோ செவிவழிச் செய்தியையும் உறுதியான செய்தியையும் ஒரே குரலில் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

ஒளவையார் இதற்குத் தக்க சான்று. அதியமானைப் பாடிய சங்கப் புலவரும் ஆத்திசூடி பாடியவரும் வெவ்வேறு காலத்தவர் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. ஆயினும் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894இல்தான் என்பதால், அதற்கு முன் எழுதியவர்களை, இவ்விருவரையும் ஒருவராகக் கொண்டதற்காகக் குறைகூறுவது முறையன்று. குறைகூறத்தக்கது, காலத்தை மறைத்துவிடும் எழுத்து வரிசையே: பல நூற்றாண்டு இடைவெளியுடைய இருவர் அடுத்தடுத்த பக்கங்களில் அயலவர்போல் அமர்ந்துவிடுகின்றனர்.

பெரும்புலவர்களிடம் தடுமாறும் இம்முறை சிறுபுலவர்களிடம் வலுப்பெறுவது வியப்புக்குரியது. ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த புலவர்கள் தொகுப்பாளர்களுக்கு மிகத் தொலைவிலிருந்தவர் அல்லர். அவர்களைப் பற்றிய ஊர் நினைவு இன்னும் அழியாதிருந்தது. ஓர் அந்தாதியோ ஊஞ்சற்பாட்டோ மட்டும் இயற்றிய ஒருவருக்கு யாரும் தனி நூல் எழுதப்போவதில்லை. அவருக்குக் கிடைக்கக்கூடிய முழு வரலாறே அந்த ஒரு பத்திதான். கம்பரைப் பற்றிய பதிவு நீக்கப்பட்டாலும் தமிழுலகம் ஒன்றையும் இழக்காது. இத்தகைய பதிவு நீக்கப்பட்டால் அந்த மனிதரே இல்லாமற்போவார்.

எனினும் அந்த ஒரு பத்தியைப் பெறுவதற்கும் செய்யுள் வேண்டியிருந்தது. வைத்தியரும் சோதிடரும் தம் கலையை விருத்தத்திலோ வெண்பாவிலோ யாத்திருந்தால் புலவர் என்ற பெயரில் உள்ளே வரலாம். கோயில் எழுப்பிய சிற்பிக்கும், வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டிய ஓடாவிக்கும், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சிக்கும் அந்த வாயில் திறக்கவில்லை.