சுமப்பது, பிழிவது, வீசுவது

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டி ஊற்றுவது எளிது. காற்றைக் கூட்டி அனுப்புவதில்தான் வித்தை இருக்கிறது. கொல்லன் துருத்தியை அமுக்கியதும் உலை ஏன் சிவக்கிறதோ, அதே காரணத்தால்தான் சூப்பர்சார்ஜர் பூட்டிய காரும் சீறுகிறது. கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஒரு பெல்ட், அந்த பெல்ட்டில் சுழலும் ஒரு துருத்தி. அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் துருத்தியில் மூன்று சாதி உண்டு. ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.யின் 5 லிட்டர் வி-8 இன்ஜினுக்கு அமெரிக்கச் சந்தையில் மூன்றுமே கிடைக்கின்றன: ரூட்ஸ் வகை, இரட்டைத் திருகு வகை, மையவிலக்கு வகை. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எது அதிகக் குதிரைத்திறன் தரும் என்று. என் கண் போவது வேறிடம். ஒன்று காற்றைச் சுமக்கிறது, ஒன்று பிழிகிறது, ஒன்று வீசுகிறது. இந்த மூன்று வினைச்சொற்களின் வேறுபாட்டில்தான் ஒரு காரின் குணமே இருக்கிறது.

முதலில் சுமப்பது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இது. கார் பிறப்பதற்கு முன்பே இரும்பு உலைகளுக்குக் காற்றடித்த உண்மையான துருத்தி. ஓர் உறைக்குள் அருகருகே இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றின் மடல், அதாவது புடைப்பு, மற்றதன் பள்ளத்தில் வந்து அமரும். ஆனால் ஒன்றையொன்று தொடாது. முனையில் உள்ள ஒரு ஜோடி பற்சக்கரங்கள் அந்த மயிரிழை இடைவெளியைக் கடைசிவரை காக்கின்றன. கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தால், இதோ முட்டப்போகிறது என்று நெஞ்சு பதறும் இடத்தில் வழுக்கிக்கொண்டு விலகும் அந்த நளினம், எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

ரூட்ஸ் ரோட்டர் தன் வயிற்றுக்குள் காற்றை அமுக்குவதில்லை. அள்ளிய காற்றை உறையின் சுவரோரமாகச் சுமந்துபோய் மறுபக்கம் கொட்டுகிறது. அங்கே ஏற்கெனவே நெரிசலாக நிற்கும் காற்று, வாசல் திறந்ததும் பின்னோக்கிப் பாய்ந்து மோதுகிறது. மும்மடல் ரோட்டர் ஜோடி ஒரு சுற்றுக்கு ஆறு முறை இப்படி வாசல் திறக்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 1,000 மோதல். ரசிகர்கள் உயிரை விடும் அந்தக் கூவல் ஒலி பிறக்கும் இடம் இதுதான். காற்று வீணாகச் சூடேறும் இடமும் இதுதான்.

இதற்கு மருந்தாக வந்தது முறுக்கு. மடல்களை நேராக விடாமல் கயிறு திரிப்பதுபோல் முறுக்கினால், வாசல் படாரென்று திறக்காமல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் திறக்கும், மோதல் தணியும். ஈட்டன் நிறுவனத்தின் பழைய வகைகளில் மூன்று மடல், 60 பாகை முறுக்கு. பிறகு வந்த டி.வி.எஸ். வகையில் நான்கு மடல், 160 பாகை முறுக்கு. 2009-இல் ஷெவர்லே கார்வெட் இசட்.ஆர்.1-இன் 6.2 லிட்டர் இன்ஜின் 638 குதிரைத்திறன் தந்தது இந்த வகை ரோட்டரை வைத்துத்தான்.

அடுத்தது பிழிவது. ஸ்வீடனின் ஆல்ஃப் லிஷோம் 1930-களில் வடித்தெடுத்த இரட்டைத் திருகு, வெளிப்பார்வைக்கு ரூட்ஸின் தம்பிபோல இருக்கும். உள்ளே சங்கதி வேறு. இதன் ரோட்டர்கள் ஒன்றுபோல் இரா: ஒன்றில் மூன்று புடைப்பு என்றால் மற்றதில் ஐந்து பள்ளம். ஒரு முனையில் நுழையும் காற்று திருகின் நீளத்தில் நகர நகர, அதைச் சூழ்ந்த அறை சுருங்கிக்கொண்டே வருகிறது. செக்கில் சிக்கிய எள்போலக் காற்று நெருக்குண்டு, மறுமுனை வாசலை அடையும்போதே அழுத்தத்தோடு வருகிறது. பின்னோக்கிய பாய்ச்சல் குறைவு, சூடும் குறைவு. 2018-இன் டாட்ஜ் டீமன் 2.7 லிட்டர் இரட்டைத் திருகோடு, பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன் காட்டியது.

மூன்றாவது வீசுவது. நத்தை ஓடு போன்ற உறைக்குள் ஒரு சிறு சக்கரம் காற்றை நடுவில் வாங்கி விளிம்புக்கு எறிகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இன்ஜினின் 6,000 சுற்றில் 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும் கருவி 3,000 சுற்றில் தருவது 3 மட்டுமே. அதனால் கார் முதலில் சாதுவாக நடந்து, சுற்றுமானியின் முள் ஏற ஏற ஆவேசம் கொள்ளும். டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் வகையில் சக்கரத்தின் வேகத்தைப் பெருக்கப் பற்களே இல்லை. வழவழப்பான உருளைகள் மட்டும். அவற்றுக்கிடையே உள்ள எண்ணெய்ப் படலம் அழுத்தம் ஏறியதும் இறுகி, ஒன்றின் சுழற்சியை மற்றதற்கு ஒப்படைக்கிறது. வழுக்கத்தான் எண்ணெய் என்று நினைத்திருந்தவனுக்கு, பிடிக்கவும் எண்ணெய் என்று கற்பித்த வேலைப்பாடு அது.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்? நீண்ட பந்தயத் தடத்தில் முள்ளை எப்போதும் உச்சத்திலேயே வைத்து ஓட்டுகிறவருக்கு வீசுவது பொருந்தும். எடை குறைவு, டயர்கள் திடீரென்று வழுக்கும் அபாயமும் குறைவு. கால் மைல் நேர்கோட்டில் முழு அழுத்தத்தோடு பாய்கிறவருக்குப் பிழிவது. தினமும் சாலையில் ஓட்டி, சிக்னலிலிருந்து கிளம்பும் கணத்திலேயே பிக்கப் வேண்டும் என்கிறவருக்குச் சுமப்பது.

என் மனம் சாய்வதும் சுமப்பதன் பக்கம்தான். நிதானமாகப் போகும்போது பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வெளியே போன காற்று சுற்றி வந்து நுழைவாயிலுக்கே திரும்பும். திருகு அப்போதும் தன் வயிற்றில் காற்றைப் பிழிந்துகொண்டே இருக்கும், பழக்கம் விடாது. ரூட்ஸுக்கோ பிழியவே தெரியாது என்பதால் இன்ஜினிடம் அதிகம் கேட்காமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். முழுப் பாய்ச்சலில் எதைக் குறை என்று சொன்னோமோ, நிதான ஓட்டத்தில் அதுவே குணமாகிவிடுகிறது. பயணத்தின் பெரும்பகுதி நிதான ஓட்டம்தானே? ஆக்சிலரேட்டரை அமுக்கியதும் வால்வு மூடுகிறது, 160 பாகை முறுக்கு காற்றைத் தோளில் ஏற்றுகிறது, கூவல் எழுகிறது. உலைக்கு ஊதப் பிறந்த துருத்தி, ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் நெருப்பை வளர்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது.