நாற்பது வயதில் அரிச்சுவடி

காதர்பேட்டையில் பனியன் கடைகளுக்கு மேலே இருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு நான் சீன பாஷை படிக்கிறேன் என்று சொன்னால் என் வாசகர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மறு பாதிப் பேர், அடுத்த நாவலுக்கு இது ஏதோ ஏற்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் இல்லை. விஷயம் வெகு சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது.

எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பனியன் கம்பெனி முதலாளி. அவருடைய நிட்டிங் மிஷின் ஒன்று சீனாவிலிருந்து வந்தது. அதோடு வந்த விளக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம் இங்கிலீஷ், மிச்சமெல்லாம் சீனம்.

"ஏனுங்க, நீங்க எழுத்தாளர். எழுத்துன்னு ஒண்ணு இருந்தா உங்களுக்குப் பிடிபடாதுங்களா? வாங்க, ரெண்டு பேருமாப் படிச்சுப் போடலாம்" என்றார்.

அவருக்கு ஐம்பது, எனக்கு நாற்பத்து நாலு. ஆளுக்கொரு புத்தகம் வாங்கினோம். மூன்றாவது மாதம் அவர் கைப்பேசியை எடுத்து அந்த விளக்கப் புத்தகத்தின் மேல் காட்டினார். ஏதோ ஒரு மாதிரித் தமிழில் அது விஷயத்தைச் சொல்லிவிட்டது. அன்றோடு அவர் படிப்பு முடிந்தது. அவர் செய்தது சரிதான். அவருக்கு வேண்டியது மிஷின் ஓட வேண்டும் என்பது, மிஷின் ஓடிற்று. தனியாக நின்றவன் நான்தான். எனக்கு மிஷினும் கிடையாது, சீனத்து வியாபாரியும் கிடையாது. பின் எதற்காகப் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் வாங்கிய புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று தேடினேன். புத்தகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை ஒரு புத்தகத்தினுடையது அல்ல. அந்த இனத்துப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. முன்னுரையில் ஊக்கத்தைப் பற்றி நாலு பக்கம் உபதேசம். தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், என்னால் முடியும் என்று சொல்லிக்கொள்ளுங்கள், இலட்சியத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஊக்கம் என்பது புறப்படுமுன் வண்டியில் ஊற்றிக்கொள்ளும் பெட்ரோல் என்பது அந்த ஆசிரியரின் எண்ணம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்தப் புத்தகத்தின் பாடங்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அவை மோசமான கதைகள். வாங் என்று ஒருவர் வருகிறார். ஆப்பிள் என்ன விலை என்று கேட்கிறார். கடைக்காரர் விலை சொல்கிறார். வாங் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். காதர்பேட்டையில் அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. இங்கே டஜன் விலையைச் சொன்னவுடன் வாங்க வந்தவர் பாதி விலைக்குக் கேட்பார். கடைக்காரர் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். இவர் கோபித்துக்கொண்டு படியிறங்குவார். அவர் திரும்பக் கூப்பிடுவார். அதுதான் பேச்சு. பாடப் புத்தகத்து வாங்குக்கு ஆப்பிளின் மேல்கூட ஆசை இல்லை. ஆசையில்லாத மனிதர்களோடு ஒருவன் எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பான்?

சிரமத்தை அந்தப் புத்தகம் மறைத்தது என்பது இன்னொரு குறை. 'மா' என்ற ஓர் ஒலியை நாலு விதமாக ஏற்றி இறக்கினால் அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று நாலு அர்த்தம் வருகிறது. என் வாயில் பல நாட்கள் அம்மாவும் குதிரையும் ஒன்றாகவே இருந்தார்கள். நமக்கு 247 எழுத்து. அதையே பெரிய பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1988ல் சீன அரசாங்கம் வெளியிட்ட அன்றாட எழுத்துப் பட்டியலில் 3,500 இருக்கின்றன. இங்கிலீஷ் பேசுகிற ஒருவர் இந்த மொழியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 2,200 மணி நேர வகுப்பு வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் கணக்கு வைத்திருக்கிறது. நாளைக்கு அரை மணி என்று வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம்! முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். ஆனால் ஏமாந்திருக்க மாட்டேன். ஏமாற்றந்தான் ஊக்கத்தைக் கொல்கிறது, பயம் அல்ல.

ஐந்தாவது மாதம் புத்தகத்தைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

கீழ்க் கடையில் பண்டல் கட்டும் பையன் ஒருவன் இருக்கிறான். பீஹாரிலிருந்து வந்தவன். வந்த புதிதில் கையால்தான் பேசுவான். இரண்டு வருஷத்தில் 'ங்க' போட்டுக் கொங்குத் தமிழ் பேசுகிறான். "எப்படித் தம்பி கற்றுக்கொண்டாய்? சலிப்பே வரவில்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"பேசலீன்னா சோறு ஏதுங்கண்ணா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊக்கம் என்கிற வார்த்தையே வயிறு நிறைந்தவனின் வார்த்தையோ என்று தோன்றிற்று. ஆனால் அவன் அத்தோடு விடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டி, தன் பேரைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பண்டல் கட்டுவதற்கு அந்தச் சீட்டு வேண்டியதில்லை. சோற்றுக்கு வேண்டிய தமிழ் அவனுக்கு வந்துவிட்டது. அதற்கு அப்பாலும் ஏதோ ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. அன்று இரவு பரண்மேல் இருந்த கட்டைக் கீழே இறக்கினேன்.

வயதைச் சாக்குச் சொல்வதும் எடுபடாது என்று பிறகு தெரிந்தது. பாஹியான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தத் துறவி கி.பி. 399ல் சாங்கானிலிருந்து புறப்பட்டபோது அறுபதைத் தாண்டியவர். பாடலிபுத்திரத்தில் மூன்று வருஷம் தங்கி சம்ஸ்கிருதம் கற்றுக்கொண்டு, விநயச் சுவடிகளைப் பிரதி எடுத்தார். அப்புறம் இலங்கையில் இரண்டு வருஷம். அங்கே ஒரு புத்தர் சிலையின் முன் தம் நாட்டு வெள்ளைப் பட்டு விசிறி ஒன்று காணிக்கையாக வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு கண்ணீர் விட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு ஊர் ஞாபகம் வராமலில்லை. வந்தும் சுவடிகளை முடித்துக்கொண்டுதான் திரும்பினார்.

நம் பாஷையைக் கற்ற சீனர்களும் உண்டு. 1963ல் பீக்கிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதில் பேசினவர்கள் வளர்ந்த பிறகு தமிழ் கற்றவர்கள். தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவின் தலைவியாக இருந்த ஒருவர் 'சீனாவில் இன்ப உலா' என்று தமிழில் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வானொலித் தமிழ் நம் தெருத் தமிழ் அல்ல. கொஞ்சம் விறைப்பானது, பாடப் புத்தக வாசனை உள்ளது. அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நேயர்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். முகம் தெரியாத ஒருவர் தபால் தலை ஒட்டிப் பதில் எழுதுகிறார் என்றால் அடுத்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல யாருக்குத்தான் ஆசை வராது? என் புத்தகத்து வாங்குக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை.

எனக்கு வந்த பதில் ஒரு மொழிபெயர்ப்பு நூலின் வழியாக வந்தது. சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பு 'ஷிஜிங்'. 305 பாடல்கள். அவற்றில் 160 பல நாட்டுப் புறங்களில் பாடப்பட்டவை. இந்திய வெளியுறவுப் பணியில் இருந்த ஸ்ரீதரன் மதுசூதனன், பயணி என்ற பெயரில், இதிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2012ல் காலச்சுவடு வெளியிட்டது. 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்பது தலைப்பு. அவரும் சீனத்தை வளர்ந்தபின் கற்றவர்தான். தமிழ் வழியாக அந்த மொழியை அறிமுகப்படுத்தும் புத்தகம் ஒன்றும் எழுதியிருக்கிறார்.

தலைப்பைப் பார்த்தவுடனேயே குறுந்தொகைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மூலத் தொகுப்பில் ஒரு பாட்டில், கணவன் கிழக்கே போருக்குப் போனதிலிருந்து தலைவாராமல் கிடக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அவளை நமக்கு ஏற்கனவே தெரியும். நூலின் உப தலைப்பும் இதைச் 'சீனாவின் சங்க இலக்கியம்' என்றே சொல்கிறது.

இந்த ஒப்புமை வாசகனைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே போனபிறகு கையை விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி. நம் உரைகாரர்கள் ஒரு பாட்டை எடுத்தால், யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தத் திணை என்று கேட்டார்கள். கன்பூசியஸ் வழி வந்த உரைகாரர்களோ, எந்த அரசனைக் குறித்தது, என்ன நீதி என்று கேட்டார்கள். ஆற்றுத் திட்டில் நீர்ப்பறவை கூவுவதில் ஆரம்பிக்கும் முதல் காதல் பாட்டையே ஓர் அரசியின் கற்பைப் புகழ்வதாக அவர்கள் படித்தார்கள். ஒரே மாதிரி அழுத இரண்டு பெண்கள். அந்த அழுகைக்கு இரண்டு சமூகங்கள் இரண்டு விதமாக அர்த்தம் சொல்லியிருக்கின்றன. இந்த வித்தியாசத்தைக் காணத்தான் மூலத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. ஒரு மொழிபெயர்ப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், இது போதாது என்று வாசகனை ஏங்க வைப்பது. பயணியின் புத்தகம் என்னை ஏங்க வைத்தது.

அகராதியை வைத்துக்கொண்டு அந்த முதல் பாட்டைத் தடவிப் பார்த்தேன். பறவையின் குரல் இரட்டைக்கிளவியாக இருக்கிறது! மூவாயிரம் எழுத்துக்கு நடுவே நம் வீட்டு மனுஷரைச் சந்தித்தாற்போல் இருந்தது. பிறகு 'ஷிஜிங்' என்ற பெயரையே பிரித்துப் பார்த்தேன். 'ஷி' என்றால் கவிதை. 'ஜிங்' என்றால் மூலநூல். அந்த எழுத்தின் இடது பக்கத்தில் பட்டு இழையின் குறி இருக்கிறது. அதன் பழைய அர்த்தம் தறியில் ஓடும் பாவு நூல். சம்ஸ்கிருதத்தில் சூத்திரம் என்றாலும் இழைதான். நமக்கோ சொல்லவே வேண்டாம். பஞ்சு சொல்லாக, நூற்பவள் புலவனாக இருப்பதைப் பவணந்தியார் நன்னூல் பாயிரத்திலேயே விளக்கியிருக்கிறார். பிறந்ததிலிருந்து நூலுக்கு நடுவே வாழ்கிற எனக்கு, நூல் என்ற தமிழ்ச் சொல்லை ஒரு சீன எழுத்துத்தான் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

குழந்தை ஒரு பாஷையைச் சிரமமில்லாமல் கற்கிறது. ஆனால் இந்த ஆச்சரியம் அதற்குக் கிடைக்காது; ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் வேறொரு பாஷை இல்லை. நாற்பது வருஷம் ஒரு மொழியில் வாழ்ந்தவனுக்குத்தான் அந்த லாபம். முதிய வயதில் படிக்க உட்காருகிறவர்களுக்கு, சுவரில் இலட்சியத்தை ஒட்டுவதற்குப் பதிலாக, தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைத் தேடி அந்த மொழியில் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். எனக்குக் கவிதை. இன்னொருவருக்குச் சமையலாக இருக்கலாம், சினிமாவாக இருக்கலாம். ஊக்கம் முதலில் வந்து படிப்பு பிறகு வருவதில்லை. படித்ததில் ஒரு வரி பதில் பேசினால் ஊக்கம் வருகிறது.

இந்த நூல் விஷயத்தைச் சிநேகிதரிடம் ஆவலோடு சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நூல் விலைதானுங்க இந்த மாசமும் ஏறிப்போச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த எழுத்தை ஒருக்கா எழுதிக் காட்டுங்க" என்றார்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் காட்டினேன். அவர் இழைக் குறியின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குச் சுமார் அறுநூறு எழுத்து தெரியும். ஒரு பாட்டை அகராதி இல்லாமல் படிக்க முடியாது. நாளைக் காலையும் அரை மணி உட்காருவேன்.