ரைபிள் கட்டை: ஒற்றை மரமும் ஒட்டு மரமும்

ரைபிளைக் கையில் வாங்குகிறவர் கண் முதலில் குழலின் மேல்தான் போகும். கையும் தோளும் கன்னமும் படுவதோ கட்டையின் மேல். குழலுக்கு எஃகு என்று உலகம் என்றோ முடிவு செய்துவிட்டது. கட்டைக்கு எது என்பதில் மட்டும் இன்றைக்கும் கட்சிகள் உண்டு. அந்தக் கட்சிகளையும் அவை வைத்திருக்கும் அளவுகோல்களையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வால்நட் மரபு

மூத்தது வால்நட் மரபு. நாம் அக்ரூட் பருப்பாக அறிந்திருக்கும் மரம்தான். 1814இல் தொடங்கிய பர்டி, 1835இல் தொடங்கிய ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் பட்டறைகள் இந்த மரத்தில்தான் தங்கள் பெயரை நிலைநாட்டின. துருக்கியிலும் காகசஸ் மலைப்பகுதியிலும் விளைந்த மரத்துக்குத் தனி மதிப்பு. பின்பகுதியில் ரேகை எப்படி வேண்டுமானாலும் சுழித்தோடலாம், அழகே அதில்தான். ஆனால் கை பற்றும் மெல்லிய கழுத்தில் ரேகை நேராக ஓட வேண்டும். அங்கே குறுக்கே போனால் சுடும்போது வரும் உதைப்பில் கட்டை பிளந்துவிடும். ஆளி விதை எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையில் எடுத்து, வாரக்கணக்கில் தேய்த்து ஏற்றும் மெருகு இந்தப் பள்ளியின் முத்திரை.

அமெரிக்காவில் கிளைகள் பிரிந்தன. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள் மரத்தில் நீண்ட ரைபிள்களைச் செய்தார்கள். 1945இல் கலிபோர்னியாவில் நிறுவனம் தொடங்கிய ராய் வெதர்பி, கண்ணாடி போன்ற பளபளப்பையும் கன்னம் பதிய உயர்ந்த மேட்டையும் கொண்ட பாணியைப் பரப்பினார். வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானரும் அவருக்குக் கட்டை செதுக்கிய ஆல் பீசனும் இதற்கு நேரெதிர்: நேர்கோடு, அடக்கமான மெருகு, தேவையற்றது எதுவும் இல்லை.

மரத்தின் பகை

இத்தனை அழகுக்கும் ஒரே பகை ஈரம். ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு நிலையில் இடிக்கும் கதவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சை மரம் முழுக்க உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். நீளவாக்கில் அரை சதவீதம்கூடச் சுருங்காது. இப்படித் திசைக்கொரு விதமாக அசைவதால்தான் மரம் முறுக்கிக்கொள்கிறது. முன்கட்டை மயிரிழை வளைந்து குழலைத் தொட்டால் போதும், நேற்றுப் பட்ட இடத்தில் இன்று குண்டு படாது. சுடுபவர்கள் இதற்கு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்ப்பார்கள். தடையில்லாமல் ஓடினால் நலம். எங்கே சிக்குகிறதோ அங்கே கட்டை குழலை அழுத்துகிறது.

ஒட்டு மரத்தின் விடை

அழகைத் தேடி அல்ல, அவசரத்தில் பிறந்தது ஒட்டு மரக் கட்டை. கட்டைக்கான மரத்தை ஆண்டுக்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்த வேண்டும். படை பெருக்கும் அரசுகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1930களின் பிற்பகுதியில் ஜெர்மனி தன் கார்98கே ரைபிளுக்கு, மெல்லிய பீச் மரத் தகடுகளைப் பிசினிட்டு அழுத்தி ஒட்டிய கட்டையைக் கொண்டுவந்தது. சோவியத் நாடு 1959இல் ஏற்ற ஏ.கே.எம். துப்பாக்கிக்குப் பிர்ச் மர அடுக்கைப் பயன்படுத்தியது.

பின்னாளில் அமெரிக்காவில் இது வண்ணம் பெற்றது. சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பிர்ச் தகடுகளைச் சாயத்தில் தோய்த்து, அடுக்கி ஒட்டினார்கள். வெர்மான்ட் மாநிலத்து ரட்லண்ட் நகரிலிருந்த ஒரு பிளைவுட் ஆலை இதில் பேர்பெற்றது; 2014இல் தீ அதை அழித்தது.

சாதாரண பிளைவுட்டில் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைப்பார்கள். ரைபிள் கட்டையிலோ ரேகைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஒரே திசையில் ஓடும். கழுத்துக்கு வலிமை அதனால் வருகிறது. ஒரு தகடு இப்படி வளையப் பார்த்தால் பக்கத்துத் தகடு விடுவதில்லை. ஈரம் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் பிசின் வழிமறிக்கிறது. பழுப்பும் சாம்பலும் மாறி மாறி வரும் அடுக்கில் அரம் வளைவாக ஓடும்போது, மலைகளின் உயரத்தைக் காட்டும் வரைபடக் கோடுகள் போல் வட்டங்கள் விரியும். செதுக்குபவர் கை எங்கே ஆழமாகப் போனது, எங்கே தயங்கியது என்பதை அந்தக் கோடுகள் மறைக்காமல் சொல்லிவிடும்.

குறையும் உண்டு. அதே வடிவ வால்நட் கட்டையைவிட இது கனம். மலையேறும் வேட்டைக்காரருக்கு அது சுமை. இலக்கைக் குறிவைத்து அசையாமல் கிடப்பவருக்கு அதுவே துணை. வெட்டு முனைகளுக்கு மெருகு பூசாமல் விட்டால் இதிலும் நீர் ஏறும்.

மரத்தை விட்டவர்கள்

1959இல் ரெமிங்டன் நிறுவனம் நைலான் 66 ரைபிளில் மரத்தையே விட்டு டூபான்ட் நிறுவனத்தின் நைலானுக்குப் போனது. வியட்நாமின் ஈரத்தில் எம்40 ரைபிள்களின் வால்நட் கட்டைகள் உப்பி வளைந்ததைக் கண்ட அமெரிக்க மரீன் படை, 1970களில் கண்ணாடியிழைக்கு மாறியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் இன்று அலுமினியக் கட்டைகள் மிகுதி. 5.5 கிலோ எடை வரம்புக்குள் ஒவ்வொரு பகுதியையும் உடலுக்கேற்பத் திருகி நகர்த்த உலோகம் வசதி.

எதை வைத்து அளப்பது

எப்பள்ளிக் கட்டையானாலும் என் கேள்விகள் நான்குதான். எஃகும் கட்டையும் சேரும் விளிம்பில் இடைவெளி தெரிகிறதா? கழுத்து உறுதியாக இருக்கிறதா? தோளில் வைத்ததும் கண் தானாகக் குறிக்கு நேரே வருகிறதா? பருவம் மாறினாலும் கட்டை நிலைமாறாமல் இருக்கிறதா?

முதல் மூன்றிலும் நல்ல வால்நட்டை மிஞ்ச ஆளில்லை. நான்காவதில் கண்ணாடியிழையும் அலுமினியமும் முந்துகின்றன. நான்கிலும் தேறி, தொட்டால் மரமாகவும் இருப்பது ஒட்டு மரம். அதை ஏழையின் வால்நட் என்று ஒதுக்குவது தவறு. மரத்தின் குறையை மரத்தைக் கொண்டே திருத்திய தொழில் அது. சந்தேகப்படுபவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்திருந்து, பிறகு அந்தக் காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்க்கட்டும்.