ஏனாதிநாதர் வாளும் வேலூர்ச் சிப்பாய்களின் கடமையும்

ஏனாதிநாத நாயனார் புராணத்தை ஓதுவோருள் ஒரு சாரார், மாற்றான் நெற்றியில் திருநீற்றைக் கண்டு நாயனார் வாள்வினை ஒழிந்தது அடியார்க்கு அமையுமேனும் படைஞன் கடமைக்கு இழுக்காம் என்பர். வேந்தர்க்கு வாட்பயிற்சி அளித்தலையே தொழிலாக உடையார் ஒருவர்மேல் எழுந்த தடையாதலின், இஃது எளிதிற் புறக்கணிக்கற்பாலதன்று.

கடமை என்னுஞ் சொல் சோழர் கல்வெட்டுக்களில் அரசிறையைக் குறிப்பது. இறுப்பான், இறுக்கும் பொருள், பெறுவான் ஆகிய மூன்றும் அச்சொல்லில் அடங்கும். படைஞன் அரசற்கு இறுப்பது தோள்வலியும், வேண்டுழி உயிரும். நெற்றியும் அவ்விறையில் அடங்குமோ?

இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. சலகண்டேசுவரர் திருக்கோயிலைத் தன்னகத்துக் கொண்ட வேலூர்க் கோட்டையில் 1806-ஆம் ஆண்டு அது குருதியோடு எழுந்தது. சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் காலத்து ஆணைகள், சிப்பாய்கள் சீருடையில் நிற்குங்கால் நெற்றிக்குறி இடலாகாது, தாடி மழித்தல் வேண்டும், தோற்குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிதல் வேண்டும் என விதித்தன. அவ்வாண்டு மே மாதத்திலேயே சிலர் தலைப்பாகையை மறுத்தனர். அவருள் இருவர்க்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. சூலை 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்து, உறங்கிக் கிடந்த வெள்ளைப்படையினர்மேற் சுட்டனர். நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டினின்று விரைந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கோட்டையை மீட்டுச் சிப்பாய்களை நூற்றுக்கணக்கிற் கொன்றது. திப்பு சுல்தான் மக்கள் அங்குக் காவலில் இருந்தமையையும் காரணமாகக் கூறுவர். எனினும் 1807-இல் கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டமை, ஆணையின் பிழையை ஏவினோரே உணர்ந்தமைக்குச் சான்று.

இனி நாயனார் செயலை நோக்குக. வாளும் பலகையும் எறிந்துவிடக் கருதியவர், படைக்கலம் இல்லாதானைக் கொன்ற பழி மாற்றானைச் சாருமே என்று எண்ணி, அவற்றை ஏந்தியபடியே நேர்நின்றார். தடை நிகழ்த்துவோர் காணத் தவறுவது இவ்விடமே. மாற்றானுக்கும் இறுக்கவேண்டுவதொன்று உண்டென அறிந்த படைஞர் அவர். மே மாதத்தில் மறுத்துத் தம் முதுகிற் கசையடி ஏற்றோர் அவர்க்கு அணியர். துயின்றோரைச் சுட்டவர், எத்துணை நியாயம் உடையராயினும், சேயர்.

தோற்குஞ்சத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அது பசுத்தோலோ பன்றித்தோலோ என்னும் ஐயமே சிப்பாய்களை வருத்தியது; அதுகொண்டு தோற்றொழிலையே இழித்தல் சைவர்க்கு ஆகாது. திருநாளைப்போவார் பேரிகை முதலிய கருவிகட்குத் தோலும் விசிவாரும் அளித்தலைத் தம் திருப்பணியாகக் கொண்டார். வேலூர் தொட்டு ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிட்டு வாழும் குடிகளின் உழைப்பை அப்புராணம் அறிந்தோர் எங்ஙனம் இகழ்வர்?

ஆணைக்கு அடங்கலே கடமை என்பார் மெய்ப்பொருள் நாயனார்தம் காவலன் தத்தனைக் காட்டுவர். அரசனைக் குத்திய முத்தநாதனை வெட்ட வாள் உருவிய தத்தன், அரசன் தடுப்பவே அடங்கினான். மெய்யே. ஆயின் அவ்வாணை இட்டவன் அதன் விலையைத் தன் உயிராலேயே முன்னர் இறுத்தவன். கிரடாக் இறுத்தது யாது? தத்தனோ, வளைந்த குடிகளை விலக்கி, கொலைஞனை ஊறின்றி எல்லை கடத்தி மீண்டு வந்து சொன்னான். அச்சொல்லைக் கேட்கும் வரை அரசன் உயிர் தாங்கியிருந்தான்.