டியூரரின் கூப்பிய கரங்கள்

இறந்தோர் நினைவு அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் கூப்பிய இரு கரங்களின் படத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். நியூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1508ஆம் ஆண்டு வரைந்தது அது. மூலப்படம் வியன்னாவிலுள்ள ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர்தான்.

இப்படத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. சகோதரர் ஒருவர் சுரங்கத்தில் உழைத்து டியூரரைக் கலை பயில வைத்தாராம். அவ்வுழைப்பில் சிதைந்துபோன விரல்களே இவையாம். தவக்கால மறையுரை ஒன்றில் படத்தைக் காட்டி நானும் இதை உருக்கமாகச் சொன்னேன். திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி மாணவன் ஒருவன் அருகில் வந்து, "சாமி, இந்த விரலுல காயமே இல்லையே?" என்றான்.

அன்றிரவுதான் அப்படத்தை முதன்முறையாகப் பார்த்தேன் எனலாம். நீண்டு மெலிந்த, செம்மையான விரல்கள். முறிவோ முடக்கமோ இல்லை. வரலாறும் சிறுவன் பக்கமே நிற்கிறது. டியூரரின் தந்தை பொற்கொல்லர். 1486இல் மகனை வோல்கெமூட் என்னும் ஓவியரிடம் பயிற்சிக்கு அனுப்பியவர் அவரே. சுரங்கச் சகோதரனுக்குச் சான்றே இல்லை.

கதை நீங்கியபின் எஞ்சுவது ஓவியம். தாளின் நீலமே இதன் உயிர்நாடி. அந்நீலம் ஒளிக்கும் இருளுக்கும் நடுநிலையாய் நிற்க, கருமை தோய்ந்த மை நிழலைத் தருகிறது. வெண்மை ஒளியை ஏற்றுகிறது. மயிரிழை போன்ற தூரிகைக் கோடுகள் விரலின் உருட்சியோடு வளைந்து செல்வதால் தட்டையான தாளில் சதையின் திரட்சி தோன்றுகிறது. புறங்கை நரம்புகளிலும் கணுச் சுருக்கங்களிலும் தோலின் தன்மையைத் தொட்டறியலாம் போலிருக்கிறது. நீலத்தை அகற்றிவிட்டுப் பொன்னிறப் பின்னணியில் அச்சிடும் மலிவுப் படங்கள் இவ்வொளிநிழல் முழுவதையும் கொன்றுவிடுகின்றன.

விரல்களின் அடுக்கில் ஒரு சந்தமுண்டு. ஆயினும் இரு கைகளும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருக்கவில்லை. உடலும் முகமும் இல்லாமையால் பார்வை வேறெங்கும் அலைவதில்லை. கீழே மடித்த சட்டைக் கைகளின் கனம், மேலெழும் விரல்களுக்கு ஈடுகொடுத்துச் சமநிலை காக்கிறது. எல்லாவற்றினும் என்னை நிறுத்தியது உள்ளங்கைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம். அவை இறுக ஒட்டவில்லை. விரல் நுனிகள் மெல்லத் தொடுகின்றன, அவ்வளவே. வேண்டுதலை உரக்கக் கூறாமல் காத்திருப்பவரின் கைகள் இவை.

காத்திருப்பவர் ஒரு திருத்தூதர். பிராங்பர்ட் வணிகர் யாக்கோபு ஹெல்லர் கேட்ட பீடப்படத்திற்கு இது முன்வரைவு. அதில் அன்னை மரியா விண்ணில் முடிசூட்டப்பட, கீழே வெறுமையான கல்லறையைச் சூழ்ந்து திருத்தூதர்கள் நிற்கின்றனர். அதன் நடுப்பலகை 1729இல் மியூனிக்கில் தீக்கிரையாயிற்று. முன்வரைவோ நிலைத்தது.

அடுத்த ஞாயிறு பீடத்தின் முன் நின்று, நான் சொன்ன கதை வரலாறன்று என அறிவித்தேன். "கதை நல்லாத்தானே சாமி இருந்துச்சு" என்று மூதாட்டி ஒருவர் வருந்தினார். படத்தை அவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தவர், பின் தம் கைகளையும் அவ்வாறே, சற்று இடைவெளி விட்டு, கூப்பிப் பார்த்தார்.