மீண்டு வந்தவனின் அந்நியம்
ஆச்செபேயின் நாவலொன்றை முன்வைத்து

மேலைநாடு சென்று கற்கும் ஆபிரிக்க மாணவர் அடையும் பண்பாட்டு அதிர்ச்சி பற்றி ஆராய்வோர், பெரும்பாலும் குளிர், உணவு, தனிமை, நிறவெறி என்பவற்றையே எடுத்துரைப்பர். ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்னும் தொடரைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலர்வோ ஒபேர்க் 1960இல் வெளியிட்ட கட்டுரையும், முதலில் மயக்கம், பின்னர் நெருக்கடி, அதன்பின் மீட்சி, ஈற்றில் இசைவு எனப் புதுநாட்டு அநுபவத்தையே படிநிலைகளாக வகுத்தது. நைஜீரியா சுதந்திரமடைந்த அதே 1960இல் சினுவா ஆச்செபேயின் ‘நோ லோங்கர் அற் ஈஸ்’ என்னும் ஆங்கில நாவல் வெளிவந்தது. அதிர்ச்சி கடலுக்கு அப்பாலன்று, வீட்டு வாசலிலேயே காத்திருக்கின்றது என்பது அந்நாவல் உணர்த்தும் உண்மை. ரி. எஸ். எலியற்றின் கவிதையொன்றிலிருந்து பெற்ற அதன் தலைப்பும், பயணத்தின் பின் தம் நாடு மீண்டு நிம்மதியிழந்தோரையே குறிப்பதாகும்.

லாகோஸ் நகரில் வாழும் உமுவோபியா கிராமத்தவரின் முன்னேற்றச் சங்கம், அங்கத்தவர் தம்மை வருத்திச் சேர்த்த 800 பவுணைக் கடனாகக் கொடுத்து ஒபி ஒக்கொங்குவோவை இங்கிலாந்துக்கு அனுப்புகின்றது. அவன் சட்டம் பயின்று ஊரவரின் காணி வழக்குகளை நடத்தவேண்டும் என்பது அவர்களது விருப்பம். அவனோ ஆங்கிலம் பயின்று மீள்கின்றான். வரவேற்புக் கூட்டத்துக்குக் கோட்டு அணியாது வருகின்றான். அலங்கார ஆங்கிலத்துக்குக் காத்திருந்தோர் எளிய ஆங்கிலம் கேட்டு ஏமாறுகின்றனர்.

நீர்வேலியிற் பிறந்த எனக்கு இக்காட்சி புதிதன்று. செம்மண் தோட்டக் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை வெளிநாடு அனுப்பிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு; வேலிக்கும் எல்லைக்கும் வழக்காடிய தலைமுறையும் உண்டு. கொடுத்த பணத்தைத் திருப்பிவிடலாம். அதனோடு கூடச் சென்ற எதிர்பார்ப்பைத் திருப்புவது அரிது. கடனும் பகட்டு வாழ்வும் நெருக்க, ஈற்றில் ஒபி கைக்கூலி வாங்கிக் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றான். இவ்வளவு கற்றவன் ஏன் வீழ்ந்தான் என எல்லோரும் வியக்கின்றனர். அவ்வினாவில் தமக்கும் பங்குண்டு என எவரும் எண்ணுவதில்லை.

எனினும், நாவலின் உயிர்நிலை கிளாராவிடமே உளது. அவளும் இங்கிலாந்தில் தாதியியல் பயின்றவள். பிறப்பாலோ, தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டோரின் வழியினர் என ஒதுக்கப்பட்ட ‘ஒசு’ பிரிவினள். தேவாலய உபதேசியாராயிருந்த ஒபியின் தந்தையே இத்திருமணத்தை மறுக்கின்றார். தாய், தான் உயிருடனிருக்கையில் அது நடப்பின் தற்கொலை செய்வதாகக் கூறுகின்றாள். மேலைக் கல்வி கற்ற ஒபி தளர்ந்துவிடுகின்றான்.

ஆச்செபேயின் குறையும் இவ்விடத்திலேயே தென்படுகின்றது. ஒபியின் தடுமாற்றத்தை நுணுகி நோக்கும் ஆசிரியர், கிளாராவின் அகத்தினுள் நம்மை அழைத்துச் செல்வதில்லை. கருக்கலைப்பினால் நோயுற்ற அவள், பின் கதையிலிருந்தே மறைந்துவிடுகின்றாள். இலண்டனில் கறுப்பி, லாகோஸில் ஒசு. இரு கரைகளிலும் அந்நியமாக்கப்பட்ட இப்பெண்ணன்றோ பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவள்? அவளது குரலைக் கேளாமையால், நாவல் தான் எழுப்பிய வினாவை முழுமையாக எதிர்கொள்ளாது ஒதுங்கிவிடுகின்றது எனலாம்.

ஆயினும் அவ்வினா நம்மை விட்டபாடில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மண் எங்களுடையது. கோயிற் கதவு திறந்த பின்னும் கலியாணக் கதவு எத்தனை வீடுகளில் திறந்தது? கனடாவிலும் இலண்டனிலும் கற்றவரும், மணம் பேசும் வேளையில் ஊரையும் பகுதியையும் விசாரிப்பதை நாம் காண்கிறோம். புதுநாட்டுக்கு இசைவடைவதை வெற்றியெனக் கொள்வோர், மீண்டபின் பழைய அநீதிக்கு இசைவடைவதை என்னவென்பர்? கற்றவனுக்குத் தன் ஊரில் ஓரளவு அமைதியின்மை இருத்தல் வேண்டும். ஒபியின் வீழ்ச்சி, அவன் அந்த அமைதியின்மையைக் கைவிட்ட கணத்திலேயே தொடங்கிவிட்டது.