‘ம்’ கொட்ட ஆள் வேண்டும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது இடைசெவல். கம்பும் பருத்தியும் உளுந்தும் மழையை நம்பி விளைகிற மானாவாரிக் கரிசல். 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில், இந்தச் சின்ன ஊரில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 16ஆம் தேதி கி. ராஜநாராயணன் (கி.ரா.), 23ஆம் தேதி கு. அழகிரிசாமி. இருவருக்குமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக. அவர் காலமானதும் அந்த ஆண்டுதான். கி.ரா.வுக்கு 1991இல், ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக.

கி.ரா.வின் எழுத்துக்கு அடியில் ஒரு கிழவியின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தெலுங்குச் சீமையிலிருந்து தங்கள் மக்கள் தப்பி ஓடிவந்த கதையை 137 வயது மங்கத்தாயாரு அம்மாள் சொல்ல, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. அப்படி ஊருக்குள் புழங்கிய கதைகளைத் தேடித் திரட்டுவதை அவர் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1989இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அழைத்தபோது, பள்ளிப் படிப்பையே முடிக்காத அந்த விவசாயி அங்கே நாட்டுப்புறவியல் பேராசிரியராக அமர்ந்தார். எழுத்தாளர் கழனியூரன் போன்றவர்கள் சேகரிப்பில் கூட நின்றார்கள். ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ அந்த உழைப்பின் விளைச்சல்.

அவருக்கு முன்னும் ஆட்கள் உண்டு. பண்டித நடேச சாஸ்திரி 1880களிலேயே தென்னாட்டுக் கதைகளை ஆங்கிலத்தில் அச்சேற்றினார். நா. வானமாமலை கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை வளர்ந்தது. ஆக, சேகரிப்பில் தமிழ் பின்தங்கிவிடவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது: ஏட்டில் ஏறிய கதை மறுபடி வாய்க்கு வரவில்லை.

வாய்க்கதைக்கு ஓர் ஏற்பாடு தேவை. கதை தொடங்குமுன் யார் ‘ம்’ கொட்டுவது என்று தீர்மானமாகிவிடும். அந்த ‘ம்’ ஒலிக்கிறவரை கதை நடக்கும். அது சுரத்து குறைந்தால் சொல்கிறவர் பேயையோ திருடனையோ உள்ளே கொண்டுவருவார். அடியோடு நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது, மிச்சம் நாளைக்கு. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் பாடும் வில்லுப்பாட்டு இந்த ஏற்பாட்டைக் கலையாகவே ஆக்கிவிட்டது. மணிகள் கட்டிய வில்லில் வீசுகோலால் தட்டி முதன்மைப் பாடகர் கதையைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போட்டு அடியை வாங்கிப் பாடுவார்கள். குடமும் உடுக்கும் கூடவே வரும். ஆமா போடுகிறவர் சோர்ந்தால், வில்லில் பாடுகிற முத்துப்பட்டன் கதையும் சோர்ந்துபோகும்.

பழைய கிராம வாழ்வைக் காத்துவைக்க உலகத்தில் இடங்கள் இருக்கின்றன. பழைய கிராமத்து வீடுகளைப் பெயர்த்துவந்து நிறுத்திய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் ஸ்டாக்ஹோமில் 1891இல் திறக்கப்பட்டது. அந்த வழியில் 1996இல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் வந்தது தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீட்டையும் குயவர் வீட்டையும் அங்கே ஒரே நடையில் பார்த்துவிடலாம். கதைக்கென்றே ஓர் இடமும் உண்டு: அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜோன்ஸ்பரோ என்ற சிற்றூரில் 1973 அக்டோபரில் ஒரு வைக்கோல் வண்டியை மேடையாக்கி வார இறுதிக் கதைவிழா தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு தாண்டி அது நடக்கிறது. ஒரு சிற்றூரும் ஒரு வண்டியும்தான் அவர்களுடைய தொடக்க முதல்.

நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. இலக்கிய ரசிகர் டி.கே.சி.யின் திருநெல்வேலி வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற சபையில் கட்டடப் பெருமை எதுவும் கிடையாது. ஞாயிறு மாலைகளில் பேச்சு, கவிதை, ரசனை, அவ்வளவுதான். கி.ரா. தன் ஆசானாகக் கொண்டாடியது அந்த டி.கே.சி.யைத்தான். இன்று பவா செல்லதுரை திருவண்ணாமலையில் கதை சொன்னால் கூட்டம் கூடுகிறது. கேட்கிற ஆசை செத்துப்போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்த கி.ரா.வை அரசு மரியாதையோடு இடைசெவல் மண்ணில் அடக்கம் செய்தார்கள். 2022 டிசம்பரில் கோவில்பட்டியில் சிலையும் நூலகமுமாக நினைவரங்கம் திறந்தது. கட்டடம் வந்தது பெரிய காரியம். நன்றியோடு சொல்ல வேண்டும். இனி அதற்குள் குரல் வேண்டும்.

கி.ரா. பிறந்த செப்டம்பர் 16 முதல் அழகிரிசாமி பிறந்த 23 வரை எந்த ஆண்டிலும் ஒரு சனி, ஞாயிறு கட்டாயம் விழும். அதையே கரிசல் கதைத் திருவிழாவாக வைக்கலாம். புரட்டாசி விதைப்பு நெருங்குகிற நேரம். பகலில் ஆள் கிடைக்காது, ராத்திரியில் கிடைப்பார்கள். எழுத்தாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். மேடையில் இடைசெவல், கழுகுமலை, எட்டயபுரம் பக்கத்துப் பாட்டிமாரும் ஆடு மேய்க்கிறவர்களும் வில்லுப்பாட்டுக்காரர்களும் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் ‘ம்’ கொட்டட்டும். பல்கலைக்கழகங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வரட்டும். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம்தான் இந்தக் கதைகளில் பெரும்பகுதி இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் கோவில்பட்டி வாசகர்களும் வருகிற செப்டம்பரிலேயே இதைத் தொடங்க வேண்டும்.